டெங்கு இல்லை, ஊசிதான்

அயர்லாந்தில் நான் நர்ஸாக இருக்கும் வார்டில், ஒருவருக்கு ரத்தத்தில் பிளேட்லெட் அணுக்கள் குறைந்தால் யாரும் கொசுவை நினைப்பதில்லை. வந்த புதிதில் "டெங்குவா?" என்று கேட்டேன். என் அறையில் கொசுத் தொல்லை என்று புரிந்துகொண்ட மூத்த நர்ஸ், கொசு மருந்து விற்கும் கடைக்கு வழி சொன்னார். இங்கே முதல் கேள்வி வேறு: ஹெப்பாரின் எப்போது தொடங்கியது? ரத்தம் உறையாமலிருக்கப் போடும் அந்த ஊசியே சிலருக்கு ஒரு வாரத்தில் பிளேட்லெட்டைப் பாதியாக்கி, ரத்தத்தை உறையவும் வைத்துவிடும். எவ்வளவு குறைந்தது, ஊசி தொடங்கி எத்தனையாவது நாள், புதிய அடைப்பு உண்டா, வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவோம். கூடினால் ஊசியை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை.

இடுப்பெலும்பு முறிந்து என் அப்பா, நைனா, திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதைத்தான் போனில் அண்ணனிடம் சொல்லி, ஊசியை நிறுத்தச் சொல்லும்படி கெஞ்சினேன். பிளேட்லெட் பாதியாகிவிட்டது, கால் வீங்கியிருந்தது. டாக்டர் டெங்கு என்றார். புத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார்கள். ஹெப்பாரின் ஊசியும் தொடர்ந்தது.

"அங்க குந்திக்கினு சொல்றது ஈஸி. இங்க பாத்துக்கினு கீறது நாங்க. டாக்டருக்குத் தெரியாததா உனுக்குத் தெரியும்?" என்று அண்ணன் போனை வைத்தான். நைனாவின் கால் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அண்ணனை நான் மன்னிக்கவில்லை.

சென்ற மாதம் அவனுக்கே இதய ஆபரேஷன், அதே ஊரில். அண்ணி அழைத்தாள்.

"கோமதி, பிளேட்லெட் பாதியா வந்துட்ச்சு. டெங்குன்றாங்கோ. காலு வேற வலிக்குதாம்."

ஹெப்பாரின் தொடங்கிய நாளைக் கேட்டேன். மனத்துக்குள் மதிப்பெண் கூடியது.

"போனை அண்ணன் கிட்டக் குடு."

"சொல்லும்மா, இன்னா பண்றது?" என்றான்.

"அங்க குந்திக்கினு சொல்றது ஈஸின்னியே. இப்ப என்னக் கேக்கறியா?"

 

"கேக்கறேன்மா." அந்த வார்த்தை எனக்கு இனித்தது.

டாக்டரிடமே பேசினேன்: ஹெப்பாரினை அடியோடு நிறுத்துங்கள், மருந்து ஏற்றும் குழாயைக் கழுவுவதற்குக்கூட வேண்டாம், வேறு மருந்து தொடங்குங்கள், அதற்கான ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள். இந்த டாக்டர் நான் சொன்னதைக் கேட்டார்.

அண்ணன் பிழைத்தான், இரண்டு காலோடு. அப்படித்தான், நைனாவின் கண்ணெதிரே நடமாட, அவன் பிழைக்க வேண்டுமென்று விரும்பினேன். இப்போது ஞாயிறுதோறும் வீடியோவில் நைனாவிடம் பேசுகிறேன். அவர் சக்கர நாற்காலியில் இருக்க, பின்னால் அண்ணன் தண்ணீர் எடுக்கப் போகிறான், வருகிறான். நைனா அவன் கால்களையே பார்க்கிறார். அவன் நைனாவைப் பார்ப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே அயர்லாந்து மழை. பேச்சு முடிந்த பிறகும் நான் போனை அணைப்பதில்லை.