ஆள் இல்லாத படங்கள்

எழுபதுகளின் நடுவில் நான் ஈப்போவில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். அந்த ஸ்டோருக்கு ஜன்னல் கிடையாது. காலை எட்டரைக்கு உள்ளே நுழைந்தால் பெட்டிகள், கிரீஸ் நாற்றம், ஒரு டியூப் லைட். வெளியே வெயிலா மழையா என்பதே தெரியாது. சரக்கு ஏற்ற வரும் லாரிக்காரரிடம், "அண்ணே, வானம் எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "மேலதான் இருக்குலா, எங்கயும் போகல," என்பார் அவர். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் பதறும். நல்ல மேகம் ஒன்று நான் பார்க்காமலே தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்குமே என்றுதான்.

பழைய கேமரா ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தேன். கல்யாணமாகிப் பட்டணத்தை விட்டுப் போன ஒரு நண்பன் விற்றது. லென்ஸின் ஓரத்தில் ஒரு கீறல், தோல் உறையில் பூஞ்சை. அதைக் கையில் வாங்கிய நாளிலிருந்து நானாக விரும்பி மனிதர்களைப் படம் எடுத்ததில்லை. மழை வருவதற்கு முந்தைய பத்து நிமிடம், அதுதான் எனக்கு வேண்டும். ரப்பர் மரங்கள் இலைகளைத் திருப்பி வெளுத்த அடிப்பக்கம் காட்டும் நேரம். சிம்பாங் பூலாயின் சுண்ணாம்புக் குன்றுகள் நீலமாகி, பிறகு கறுத்து, பிறகு இல்லாமலே போகும் நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் எங்கே நின்றாலும் இன்னும் நல்ல இடம் வேறெங்கோ இருக்கிறது என்று தோன்றும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் மழை கொட்டத் தொடங்கியிருக்கும்.

கல்யாணம் ஆன பிறகும் இது மாறவில்லை. மணமான புதிதில் நானும் மனைவியும் தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போனோம். அவள் மலை ஏறுவது அதுதான் முதல் தடவை. தேயிலைச் சரிவில் பனி மூடியிருந்தது. அது விலகினால் ஒரு படம் எடுத்துவிடலாம் என்று அவளை ஒரு தேநீர்க் கடையில் உட்கார வைத்துவிட்டு, "தோ வாரேன்," என்று போனவன், ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினேன். பனி விலகவில்லை. அவள் மூன்று கிளாஸ் தேநீர் குடித்திருந்தாள். கடைக்காரரின் மனைவியோடு சிநேகமாகி, அந்தம்மாளுக்குக் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மழைன்னா எல்லாரும் வீட்டுக்கு ஓடி வருவாங்க," என்றாள் பஸ்ஸில் இறங்கி வரும்போது. "நீங்க ஒருத்தர்தான் வீட்ட விட்டு ஓடுறீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் சுபாவம் அப்படி. பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

நாங்கள் குடியிருந்தது சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில், துண்டு துண்டாக விற்றுப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் பழைய லயத்தில். வரிசை வீடுகள், பலகைச் சுவர், தகரக் கூரை. பாதி வீடுகளில் ஆட்கள் இல்லை. இருந்தவர்களில் சிலர் இன்னும் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டினார்கள், சிலர் கல்லுடைக்கும் இடத்துக்கும் ஈப்போவிலுள்ள தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கிழக்கே மலைத்தொடருக்கு மேல் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. சாதாரண மேகமில்லை. அடி தட்டையாக, ஈயம் பூசிய பாத்திரத்தைக் கவிழ்த்தது போல. சோற்றில் கை வைத்தவன் பாதியில் எழுந்துவிட்டேன்.

"அடுப்படித் தகரம் ஆடுதுங்க," என்றாள் மனைவி. "ஒரு வாரமா சொல்றேன். ஏறி ரெண்டு ஆணி அடிச்சிட்டுப் போங்களேன்."

"வந்து அடிக்கிறேன்."

"மழை வந்திரும்."

"மழைக்கு முன்னாடி வந்திடுவேன்."

மழைக்கு முன்னால் நான் ஒரு நாளும் வீடு திரும்பியதில்லை. அவளுக்கும் அது தெரியும். ஏணைத் தொட்டிலில் கிடந்த குழந்தையை ஆட்டியபடி, நான் கேமராவைத் தோளில் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பேங்கைத் தாண்டி, காம்பார் போகும் வழியில் ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகள் இருந்தன. சுற்றிலும் மணல் மேடுகள், ஒரு மரம் கிடையாது. அங்கே நின்றால் வடக்கே குன்றுகள் வரிசையாகத் தெரியும். உயரமான ஒரு மேட்டில் ஏறி நின்றேன். குட்டையின் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. காற்றே இல்லை. பிறகு மலையிலிருந்து மேகம் இறங்கியது. என் பக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். அது வடக்கே திரும்பியது.

அதன் முன்விளிம்பு ஒரு சுருளைப் போல உருண்டு வந்தது. கீழே மழை, வெள்ளைச் சுவராக நின்றது. குன்றுகள் ஒவ்வொன்றாக அந்தச் சுவருக்குள் போயின. முதலில் கல்லுடைத்துப் பாதி தேய்ந்த குன்று, அடுத்து அதன் தோளில் சாய்ந்த மாதிரி நிற்கும் குன்று. அதன் அடிவாரத்தில்தான் எங்கள் லயம். அது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் அடுத்த படத்துக்கு ஃபிலிமைத் தள்ளினேன். இதை நான் யாரிடமும் சொல்லாமல் பல வருடம் வைத்திருந்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு மனைவி ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்தும், வெளிச்சம் போவதற்குள் இன்னும் இரண்டு எடுத்துவிடலாம் என்றுதான் கை போயிற்று.

ஃபிலிம் தீர்ந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

திரும்பும் வழியில் கோப்பேங் வரை ரோடு காய்ந்திருந்தது. அதற்கப்பால் மரங்கள் விழுந்து கிடந்தன. ஒரு பஸ் குறுக்கே நின்றது. மோட்டார் சைக்கிளைப் பள்ளத்தில் இறக்கி, தள்ளி, மறுபடி ஏற்றி ஓட்டினேன். தோட்டத்து மண்பாதையில் திரும்பியபோது ரப்பர் மரங்களின் கிளைகளுக்கிடையில் எங்கள் கூரைத் தகரம் மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் அதில் பச்சைச் சாயம் அடித்திருந்தேன். அதனால் அடையாளம் தெரிந்தது.

வீட்டின் அடுப்படி மேல் கூரை இல்லை. அறையின் மேலும் பாதி இல்லை. ஏணை நனைந்து கனத்து, வெறுமையாகத் தொங்கியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா வெளியே வந்தார். தொழிற்சாலைக்குப் போய் வரும் பெண், அன்று லீவு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பதான் வழி தெரிஞ்சிச்சா உனக்கு?"

"அக்கா, எங்க அவங்க?"

"ஆயாக் கொட்டாயில இருக்காங்க. போய்ப் பாரு போ."

மரம் வெட்டப் போகும் தாய்மார் முன்பு பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகை அது. அந்த லயத்திலேயே சுவர் செங்கல்லாக இருந்தது அது ஒன்றுதான். உள்ளே ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. என் மனைவி ஒரு மூலையில் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை யாருடைய சாரோங் துணியிலோ சுற்றப்பட்டு மடியில் தூங்கியது. அவள் முழங்கையில் ஒரு வெட்டு, அதில் மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தார்கள். தகரம் பெயரும் சத்தம் கேட்டதும் குழந்தையை ஏணையிலிருந்து தூக்கிக் கட்டிலுக்கடியில் வைத்து, மேலே தான் கவிழ்ந்து படுத்திருக்கிறாள். காற்று அடங்கிய பிறகு அந்த அக்காதான் வந்து இருவரையும் வெளியே இழுத்திருக்கிறார்.

நான் எதிரே உட்கார்ந்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படம் கெடைச்சிச்சா?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டினாளா, உண்மையாகவே கேட்டாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஃபிலிமைக் கழுவக் கொடுக்காமல் அலமாரியில் போட்டுவிட்டேன். கூரை போட்டோம். ஒன்றுக்கு மூன்றாக ஆணி அடித்தேன். இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் மனைவி, "கடைக்குப் போலாம் வாங்க," என்று கிளம்பி நின்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனோம். நேரே ஸ்டுடியோவுக்குள் நுழைந்தாள். எனக்குச் சொல்லாமலே போன வாரம் ஃபிலிமைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஸ்டுடியோ முதலாளியான சீனத் தவுக்கே உறையை நீட்டினார். உள்ளே நான்கு படங்கள்தான் இருந்தன. அக்கம்பக்கத்து விசேஷத்தில் பக்கத்து வீட்டு அக்கா கெஞ்சிக் கேட்டதற்காக நான் எடுத்தவை.

"மத்தது எல்லாம் ஆள் இல்ல," என்றார் தவுக்கே, பாதி மலாயிலும் பாதி தமிழிலும். "மேகம் மட்டும். பிரிண்ட் போட்டா காசு வேஸ்ட்லா. நான் போடல."

நெகட்டிவைத் தனியாகக் கொடுத்தார். மனைவி அதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் எரிந்த விளக்கின் மேல் பிடித்தாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் நிறம். மேகம் வெள்ளை, மழை கறுப்பு. அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தேன்.

"இதுல நம்ம வீடு எங்க?"

நான் குன்றைக் காட்டினேன். அதன் அடியில் ஒரு கறுப்புக் கோடு. அவள் நெடுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு தவுக்கேயிடம் மலாயில் நிதானமாகச் சொன்னாள்.

"தவுக்கே, எல்லாத்தையும் போடுங்க. யாரு சொன்னா ஆள் இல்லைன்னு? இதுல நானும் என் பிள்ளையும் இருக்கோம்."

தவுக்கே அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நெகட்டிவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் கடைக்கு வெளியே போய் ஐந்தடி நடைபாதையில் நின்றேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு நான் கேமராவைத் தொடவில்லை. திருந்திவிட்டேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது என் வாழ்க்கையின் மிக மோசமான காலம். வானம் கறுத்தால் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவேன். கூரையைப் பார்ப்பேன், ஜன்னலைப் பார்ப்பேன், திறப்பேன், சாத்துவேன். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துப் பின்னாலேயே தவழும். அற்ப விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தேன். வீட்டில் இருந்தேனே தவிர அவர்களோடு இல்லை.

எண்பதுகள் பிறந்த பிறகு, மகள் நன்றாக ஓடி ஆடும் வயதில், பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் இருந்த மனைவியின் அக்கா வீட்டுக்குப் போனோம். பை கட்டும்போது மனைவியே கேமராவை எடுத்துத் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். இரண்டு நாளும் வானம் ஒரே வெளுப்பு. மேகமும் இல்லை, நீலமும் இல்லை. கடலோர வரப்பில் நான் முன்னும் பின்னும் நடந்தேன். அவளும் மகளும் சேற்றில் நண்டுகளைத் துரத்திச் சிரித்தார்கள். "செத்த நேரம் உட்காருங்களேன்," என்றாள். உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாலை, ஊர் திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது, கடல் பக்கம் கறுக்கத் தொடங்கியது. தென்னை மட்டைகள் ஒரே திசையில் திரும்பின. பஸ்ஸும் வந்து நின்றது.

"நீங்க இருந்து எடுத்திட்டு, காலையில வாங்க," என்றாள் அவள். "நாங்க போறோம்."

நான் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். நல்லவன் ஆகிவிட்டதால் ஏறினேன் என்று சொல்ல மாட்டேன். அங்கே தனியாக நின்றால் என்னைப் பற்றி எனக்கே என்ன தெரியவருமோ என்று பயமாக இருந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்தோம். மழை பஸ்ஸைத் துரத்தியபடி தென்னைகளுக்கு மேலாக வந்துகொண்டிருந்தது. சாரல் உள்ளே அடித்தது. மற்றவர்கள் படபடவென்று ஜன்னல்களை ஏற்றி மூடினார்கள். எங்கள் ஜன்னலை ஏற்ற நான் கை நீட்டினேன். மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஜன்னல மூடுங்கம்மா, சீட்டெல்லாம் நனையுது!" என்று கண்டக்டர் முன்னாலிருந்து கத்தினார்.

"கொஞ்சம் இருங்க அண்ணே, இவரு பாத்துக்கிட்டு இருக்காரு," என்றாள்.

மகள் மடியில் நெளிந்தாள், தண்ணீர் தெறித்ததற்குச் சிரித்தாள். என் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. கேமரா பைக்குள் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.