பக்கத்து ஆள் பார்க்காத கம்ப்யூட்டர்

ஃபின்லாந்தில் நான் வாழும் தம்பெரே நகரத்து நூலகத்தில், பொதுமக்களுக்கென்று ஒரு வரிசை கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கிறார்கள். போன புதிதில் ஒருநாள், பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் ரயில் டிக்கெட் போட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குகிறார். அதுவும் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. நம்ம ஊர் வாய் சும்மா இருக்குமா? எட்டிப் பார்த்து, அது இல்லை, கீழே நீலமாக இருக்கிறதே அதை அமுக்குங்கள் என்று என் அரைகுறை ஃபின்னிஷில் சொல்லிவிட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு "கீட்டோஸ்" என்றார். நன்றி என்று அர்த்தம். ஒரு நல்ல காரியம் செய்த பெருமையோடு நான் என் வேலைக்குத் திரும்பினேன். அப்புறம் பார்த்தால் ஆளைக் காணோம். கோட்டு, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கடைசி மூலைக் கம்ப்யூட்டருக்குக் குடிபோயிருந்தார்.

என் பேராசிரியர் யோஹான்னாவிடம் இதைச் சொன்னபோது அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீ அவருடைய திரையைப் பார்த்திருக்கிறாய், அது அவர் வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி என்றார். பார்க்காமல் எப்படி உதவுவது என்று கேட்டேன். அவர் உதவி கேட்டாரா என்று திருப்பிக் கேட்டார். கேட்கவில்லைதான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் யாரும் கேட்டால்தான் வழி சொல்வது என்று வைத்துக்கொண்டால், பாதிப் பேர் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார்கள். இதை யோஹான்னாவிடம் சொல்லவில்லை. வேலை வேண்டுமே.

வேலை என்னவென்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். பொதுக் கம்ப்யூட்டர் மையங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்வது. திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் அம்மாவால் இதை இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அடுத்தவன் கம்ப்யூட்டர் பார்ப்பதை இவள் பார்க்கிறாளாம், அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்களாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். ஆராய்ச்சியில் பாதி தம்பெரே நூலகத்தில், மீதிப் பாதி எங்கள் புதுக்கோட்டைக்குப் பக்கத்து அரிமளத்தில் என்று முடிவானது. இரண்டாவது இடத்தை நான்தான் சொன்னேன். ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி, அம்மா கைச் சோற்றுக்கு அம்மா கைச் சோறு.

அரிமளம் கடைத்தெருவில் பானு என்ற பெண் நடத்தும் இ-சேவை மையத்துக்குப் போனேன். நூலகத்தில் ஒரு நாற்காலிக்கு ஒரு ஆள், நடுவில் ஒரு காலி நாற்காலி. பானுவின் மையத்தில் ஒரு நாற்காலியைச் சுற்றி ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தைச் சுற்றி அடுத்த குடும்பம். தட்டச்சு செய்வது பானு மட்டும்தான். மற்றவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள், படிப்பார்கள், திருத்துவார்கள். பட்டா மாறுதலுக்கு வந்தவர் தன் பிறந்த தேதியைச் சொன்னால், "அது இல்லண்ணே, நீங்க எங்க அக்காவுக்கு இளையவர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கடவுச்சொல் ரகசியம் என்பதெல்லாம் அங்கே கிடையாது. எல்லாருக்கும் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தவர் பானு. மறந்துபோனால் அவரைக் கேட்டால் போதும்.

செல்போன் எண்ணும் அப்படித்தான். வருகிற பெண்கள் பலருக்கு வீட்டுக்காரர் சிங்கப்பூரில், மகன் திருப்பூரில், வீட்டில் இருக்கும் போனில் ரீசார்ஜ் இல்லை. ஆகவே எந்த விண்ணப்பமானாலும் பானு தன் எண்ணையே போட்டுவிடுவார். ஓ.டி.பி. அவர் போனுக்கு வரும். டவுன் பஸ் கண்டக்டர் நிறுத்தத்தின் பெயர் சொல்வதுபோல, ஆள் பெயரைச் சொல்லி எண்ணை உரக்கப் படிப்பார். உரியவர் எங்கிருந்தாலும் பதில் குரல் கொடுப்பார். இந்த ஏற்பாட்டை நான் யோஹான்னாவுக்கு மின்னஞ்சலில் விவரித்தேன். மொழிபெயர்ப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மறுபடியும் தெளிவாக எழுது என்று பதில் வந்தது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு நெறிமுறைக் குழு என்று ஒன்று உண்டு. அவர்கள் சட்டம் போட்டிருந்தார்கள்: பங்கேற்பவர் தனியாக உட்கார வேண்டும், திரையை வேறு யாரும் பார்க்கக் கூடாது, நானும் பார்க்கக் கூடாது, எதிலும் தலையிடக் கூடாது. எனவே புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் பச்சைத் துணி வாங்கி, பானுவின் மையத்தின் மூலையில் ஒரு திரை கட்டி, உள்ளே என் லேப்டாப்பையும் இரண்டு நாற்காலிகளையும் வைத்தேன். ஸ்கேன் எடுக்கிற இடமா என்று கேட்டார்கள். ஒருவர் தன் மச்சானோடு உள்ளே வந்தார். ஒருத்தர்தான் இருக்கலாம் என்றேன். "அப்ப நான் யாரு?" என்று மச்சானுக்கு ஒரே கோபம். இரண்டு பேருமே எழுந்து போய்விட்டார்கள். அதன்பிறகு திரைக்குள் வந்தது பானுவின் மதியச் சாப்பாட்டுக் கூடை மட்டும்தான்.

சட்டப்படி கட்டினேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அந்தத் திரையின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஃபின்லாந்துக்குப் போன முதல் மாதம், அடையாள எண் வாங்குவதற்கு அதே நூலகத்துக் கம்ப்யூட்டரில்தான் நேரம் பதிவு செய்தேன். மாதத்தைத் தப்பாக அமுக்கிவிட்டேன். வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். இரண்டு பேரும் பண்பானவர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை. அடையாள எண் இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை. ஊர் வம்பு பேசும் ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால், "ஏம்மா, அது அடுத்த மாசம்ல?" என்று சொல்லியிருப்பார். அன்றைக்கு டிராமில் உட்கார்ந்து அழுதேன். எதிரே இருந்தவர் மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அபிநயா வந்தாள். பிளஸ் டூ முடித்த பெண், பொறியியல் கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்த அன்றுதான் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை நேரம். அவள் அம்மா விஜயா அக்கா ஒரு பள்ளியில் சத்துணவு சமைப்பவர். வேலை முடிந்து மூன்றரை மணிக்கு மேல் வந்து, பானுவை வைத்துப் புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள கல்லூரிகளாகப் போட்டுவிடுவதாக ஏற்பாடு. இது ஊருக்கே தெரியும். அபிநயா முன்னாலேயே வந்து என் திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, இதுக்குள்ள ஒக்காந்தா யாரும் பாக்க மாட்டாங்கதானே? நீங்களும்?"

நானும் பார்க்கக் கூடாது என்றேன். அப்படியானால் நான் வருகிறேன் என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சட்டப்படி ஒரு ஆள் கிடைத்துவிட்டதே! பதினெட்டு வயது ஆகிவிட்டதா என்று ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்து, சம்மதக் கையெழுத்து வாங்கி, உட்கார வைத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் விசைகளின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் எதுவுமே கேட்கவில்லை. மறுபடி கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குக் கழுத்தெல்லாம் அரித்தது. அடக்கிக்கொண்டேன்.

திரைக்கு வெளியே பானுவின் போன் கிணுகிணுத்தது. வழக்கம்போல அவர் குரல் எடுத்தார்: "அபிநயா, ஓ.டி.பி. வந்துருச்சு, போட்டுக்க!" எண்ணையும் படித்தார். நான் திரையை விலக்கி வெளியே எட்டிப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து விஜயா அக்கா படியேறிக்கொண்டிருந்தார். எந்த அபிநயா, என்ன ஓ.டி.பி. என்று அவர் கேட்க, மையத்தில் இருந்த அத்தனை கைகளும் பச்சைத் திரையைக் காட்டின.

நான் எழுந்து வெளியே வந்து திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருத்தர்தான் உள்ளே இருக்கலாம் என்றேன். என் குரல் எனக்கே அசட்டுத்தனமாகக் கேட்டது. பெற்றவள் அந்த ஒருத்தரில் சேர மாட்டாளா என்றார் விஜயா அக்கா. பிறகு, எந்தக் காலேஜைப் போட்டாள் என்று என்னைக் கேட்டார். தெரியாது, நான் பார்க்கவில்லை என்றேன்.

"பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு பாக்கலையா?" அவர் என் முகத்தை, உடம்புக்கு ஏதாவது வந்துவிட்டதா என்பதுபோல உற்றுப் பார்த்தார். "கண்ணு முன்னால ஒரு புள்ள ஒக்காந்து தலையெழுத்த எழுதுது. பாக்காம எப்புடிம்மா இருந்தீங்க?"

அதற்குள் அபிநயாவே திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். சென்னையில் ஒரு கல்லூரி போட்டிருக்கிறேன், உறுதி செய்துவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். கேட்டால் நீ வேண்டாம் என்றுதான் சொல்லுவாய் என்றும் சொன்னாள். விஜயா அக்கா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ரெண்டு நா சண்டை போட்டிருப்பேன். போட்டுட்டு அனுப்பி வச்சிருப்பேன்டி. அந்தச் சண்டைக்குக் கூட ஒனக்கு நான் ஆகாமப் போயிட்டேனா?"

எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ராசு அண்ணன்கூட வாசலில் வந்து நின்றுவிட்டார். அபிநயாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் பானு மட்டும் திரைக்குள் போய் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, பதறிக்கொண்டு வெளியே வந்தார். வரிசையில் ஒரே ஒரு கல்லூரிதான் இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் இந்தச் சுற்றில் எதுவுமே கிடைக்காதே என்றார். ஒன்றை மட்டும் போடக் கூடாது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு கை நீளத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை திரும்பியிருந்தால் போதும்.

கடிகாரத்தில் மணி நாலைத் தாண்டியிருந்தது. உறுதி செய்திருந்தாலும் ஐந்து வரை மாற்றலாம் என்றார் பானு. எல்லாரும் விஜயா அக்காவைப் பார்த்தார்கள். முதல் இடத்தில் புதுக்கோட்டையைப் போடச் சொல்வார் என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல இருக்கறது அப்புடியே இருக்கட்டும். அதுல யாரும் கை வைக்காதீங்க. அதுக்குக் கீழ போடு பானு."

பிறகு நடந்ததை எந்த ஆராய்ச்சிப் படிவத்திலும் அடைக்க முடியாது. பானு பெரிய கம்ப்யூட்டருக்கு மாற்றினார். ஆளாளுக்குக் கல்லூரி சொன்னார்கள். விடுதிச் சாப்பாடு எங்கே மோசம், எங்கே பஸ் நேராகப் போகும், எங்கே வேலை கிடைக்கிறது என்று விசாரணை நடந்தது. ராசு அண்ணன், தன் தங்கை மகன் படித்ததாகக் கோயம்புத்தூரில் ஒன்றைச் சொன்னார். அபிநயா தலையாட்டியதை மட்டும் பானு சேர்த்தார், மற்றதை விட்டார். தலையிடக் கூடாது என்ற சட்டத்தோடு சுவரோரம் நின்றிருந்த நானும், எப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திருச்சியில் ஒன்றைக் கத்தினேன் என்று தெரியவில்லை. மறுபடி ஓ.டி.பி. வந்தது. பானு படித்தார். கூடவே கூட்டமும் சொன்னது.

யோஹான்னாவுக்கு உள்ளது உள்ளபடி எழுதினேன். அந்தக் கம்ப்யூட்டரின் பயனர் யார் என்று கேட்டார். அந்தப் பெண்ணா, தட்டச்சு செய்தவரா, அம்மாவா? எல்லாரும் என்றேன். படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. நல்ல மனுஷி, கடைசியில் இதையே ஒரு அத்தியாயமாக எழுதச் சொல்லிவிட்டார். ஆனால் திரைக்குள் நடந்ததையும் விடாமல் எழுது என்றார். அதுவும் நியாயம்தான். அந்தத் திரை இல்லாவிட்டால், சென்னை என்ற பேச்சே அந்த வரிசையில் வந்திருக்காது.

சென்னை கிடைக்கவில்லை. ராசு அண்ணன் சொன்ன கோயம்புத்தூர்தான் கிடைத்தது. அதற்குள் நான் தம்பெரேவுக்குத் திரும்பியிருந்தேன். தீபாவளிக்கு அபிநயா லீவில் வந்திருந்தபோது விஜயா அக்கா பானுவின் போனிலிருந்து கூப்பிட்டார். சென்னை என்றால் ஒரே ரயில், இதற்குத் திருச்சியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டியிருக்கிறது என்று என்னிடம் புகார் சொன்னார், நானே கோயம்புத்தூரை அங்கே கொண்டுபோய் வைத்த மாதிரி. மகள் கேட்காமல் முடியை வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாளாம். வந்ததும் வராததுமாக நல்ல சண்டையாம். இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்றார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்:

"நீங்க ஒங்க அம்மாட்ட சண்டை போட்டு எம்புட்டு நாளாச்சு?"

யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறோம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். குளிரா, குளிர்தான். எனக்குக் காய்ச்சல் வந்ததை நான் சொல்வதில்லை. அவள் முழங்கால் வலியை அவள் சொல்வதில்லை, கூடப்பிறந்த அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல், இரண்டு பேரும் நல்ல ஃபின்லாந்துக்காரர்களாக ஆகிவிட்டோம். எனக்குத் துக்கமாக இருந்தது.

அந்த அழைப்பு வந்தபோது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கும்போதே திருக்கோகர்ணத்துக்குக் கூப்பிட்டு, முட்டி எப்படி இருக்கிறது, டாக்டரிடம் போனாயா இல்லையா, மறைக்காமல் சொல் என்றேன். அம்மா பிடித்துக்கொண்டாள். "வருஷத்துக்கு ஒரு தடவ எட்டிப் பாக்குறவளுக்கு என் முட்டியப் பத்தி என்னடி கேள்வி?" நானும் விடவில்லை. ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்தேன். என் அக்கா கல்யாணத்தில் நடந்ததுவரை எல்லாம் வெளியே வந்தது. தெரு முனையில் என் பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் போயிற்று. ஒரு காலில் பூட்ஸும் மறு காலில் புதுக்கோட்டையில் வாங்கிய ரப்பர் செருப்புமாக வாசற்கதவில் சாய்ந்து நின்றேன். அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிடாதே என்று மட்டும் நடுவில் ஒருமுறை சொன்னாள்.