புரட்டாதிச் சனியில் ரெய்னர்ஸ் லேனுக்கு: ஒரு மரக்கறி பேக்கும் ஒரு பச்சைக் கோட்டும்

லண்டனில் செவன் கிங்ஸிலிருந்து ரெய்னர்ஸ் லேனுக்கு, அவண் அடுப்பில் வெந்த சூடான தட்டோடு ரயிலில் போகலாமா என்று யாராவது யோசித்தால், தாராளமாகப் போகலாம். போன சனிக்கிழமை நான் போய் வந்தேன். தட்டு அலுங்காமல் குலுங்காமல் போய்ச் சேர்ந்தது. அதற்குள் இருந்ததுதான் என் மானத்தை வாங்கப் பார்த்தது.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் அபிக்குக் கவின் என்ற பிள்ளையைப் பிடித்திருக்கிறது. ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் அவனுடைய தாய் தகப்பன் எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். முதல் சந்திப்பு. என் மனுசருக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை. ஆகவே கலியாணப் பேச்சு நல்லபடி தொடங்குவது என் ஒருத்தியின் தலையில் விழுந்தது. கவினோடு நேரே வருவதாகச் சொன்ன அபி, போனில் எனக்குக் கட்டளையும் போட்டாள்.

"அம்மா, பத்துச் சாமான் சமைச்சுக் காவிக்கொண்டு வராதேங்கோ. ஒண்டு போதும். அந்தக் கறுத்த, ஊதிப்போன பஃபர் ஜாக்கெட்டோட வந்தீங்கள் எண்டா, ஆரெண்டே தெரியாது எண்டு சொல்லிப்போடுவன்."

ஒன்று போதும் என்றால் அந்த ஒன்று எடுபட வேண்டாமா? எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி தோட்டம் செய்கிறவ. கோடை முடிகிற நேரத்தில் வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் கோர்ஜெட் காய்த்துத் தள்ளும். தெருவில் எல்லாரும் போதும் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகு, வாசலில் வைத்து மணியை அடித்துவிட்டு ஓடிவிடுவா. அப்படி வந்த கோர்ஜெட், கத்தரிக்காய், தக்காளி மூன்றையும் வட்டமாக வெட்டி அடுக்கி, பால் சோஸில் எங்கள் கறித்தூளும் கருவேப்பிலையும் போட்டு, மேலே சீஸ் தூவி அவணில் 'பேக்' பண்ண வைத்தேன். அரை மணித்தியாலத்தில் வீடே மணத்தது. எனக்கே என்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

காலையில் கிளம்பும்போது நல்ல குளிர். அபி வேண்டாமென்ற பஃபர் ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டேன். தட்டைத் துவாயால் சுற்றி, கடைக்குக் கொண்டுபோகும் ட்ரொலிக்குள் மட்டமாக இறக்கினேன். வழி சுலபம். செவன் கிங்ஸில் எலிசபெத் லைன் ஏறி ஃபாரிங்டனில் இறங்கவும். அங்கே லிஃப்ட் உண்டு; வீரம் காட்டாமல் அதில் போகவும். பிறகு மெட்ரோபொலிட்டன் லைனில் அக்ஸ்பிரிட்ஜ் என்று போட்ட ரயிலில் மட்டும் ஏறவும். மற்ற ரயிலில் ஏறினால் வேறு ஊர்களைப் பார்த்துவிட்டு வரலாம், சாப்பாடு ஆறிவிடும். மொத்தம் இருபது மைலுக்கு மேல், எனக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. ஃபாரிங்டனில் என் பக்கத்தில் இருந்த பெடியன் ட்ரொலியை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஃபின்ச்லி ரோட்டில் ரயில் நிலத்துக்கு மேலே வந்ததும் அபியின் மெசேஜ் வந்து விழுந்தது. "கவின்ட அம்மாவுக்குப் புரட்டாதிச் சனி விரதம். வீட்டில எல்லாரும் சைவம். உங்கட பேக் சைவம்தானே?"

சனி பகவானுக்கு எள்ளெண்ணெய் எரித்து விரதம் பிடிக்கிற நாள் என்று எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே மரக்கறியே எடுத்தேன்! "ஓம், சுத்த சைவம்" என்று அனுப்பி, கூடவே ஒரு கும்பிடும் போட்டேன். வெம்ப்ளி பார்க் வந்தபோதுதான் நினைவு வந்தது. வெள்ளைக்காரி சொல்லித்தந்தபடி, துண்டுகள் பிரியாமல் நிற்பதற்காகச் சோஸில் இரண்டு முட்டை அடித்து ஊற்றியிருந்தேன். கை தன்பாட்டில் செய்த வேலை. விரத வீட்டுக்கு முதல் முதலாக முட்டையோடு போகிற சம்பந்தி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

ரெய்னர்ஸ் லேனில் இறங்கும்போது முக்கால் மணித்தியாலம் கையில் இருந்தது. தமிழ்க் கடையில் நல்ல இனிப்பாக வாங்கிக்கொண்டு, தட்டை ட்ரொலிக்குள்ளேயே மறைத்துவிடுவது என் திட்டம். அருமையான திட்டம். ஆனால் வழியில், சனம் தானமாகக் கொடுத்த பழைய சாமான் விற்கும் ஒரு சரிட்டிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கோட்டு நின்றது.

இலையுதிர் காலத்துக்கு உடுப்புத் தேடுகிறவர்கள் கவனிக்கவும். செப்டம்பர் கடைசியில்தான் சரிட்டிக் கடைகளுக்குள் நல்ல சாமான் வரும். சனம் அலுமாரியைத் துப்புரவாக்கும் நேரம் அது. இது பாசிப்பச்சைக் கம்பளிக் கோட்டு, மரப் பொத்தான், உள்ளே பட்டுத் துணி. ஒரு பொத்தான் மட்டும் மாறி, கறுப்பாக இருந்தது. பன்னிரண்டு பவுண். போட்டுப் பார்த்தேன். எனக்கென்று தைத்த மாதிரி இருந்தது. முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன், ஒரு ஸ்கார்ஃப் போட்டுப் பார்த்தேன், அந்த ஸ்கார்ஃபைக் கழற்றி இன்னொன்று போட்டுப் பார்த்தேன். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நேரத்தைப் பார்த்தால் இனிப்பு வாங்க நேரமே இல்லை. பஃபர் ஜாக்கெட் ட்ரொலிக்குள், முட்டைக்குப் பக்கத்தில். எனக்குப் புத்தி எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

கதவைத் திறந்தவர் கவினின் அப்பா, பரமு அண்ணை. "வாங்கோ" என்று தொடங்கியவர் என் கோட்டின் கறுப்புப் பொத்தானைக் கண்டதும் பேயறைந்தவர் போல நின்றார்.

"தங்கச்சி, அந்தக் கோட்டைக் கழட்டுங்கோ. கெதியா!"

"என்ன அண்ணை சொல்றீங்கள்?"

"அது என்ர மனுசியின்ர. லாண்டரிக்குக் குடுக்கச் சொல்லித் தந்தவ. நான் பை மாறி சரிட்டியில குடுத்திட்டன். லாண்டரியில பிந்துது எண்டு ஒரு கிழமையாக் கதை அளந்துகொண்டிருக்கிறன். உங்களைக் கும்பிட்டன், கழட்டுங்கோ."

கோட்டைக் கழற்றும்போது எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் கிடைத்த சந்தர்ப்பத்தை விடலாமா? "அப்ப இந்தத் தட்டை எங்கையாவது ஒளியுங்கோ அண்ணை. உள்ளுக்கு முட்டை."

"ஐயோ, புரட்டாதிச் சனியிலையா?"

"பேசாதேங்கோ. நீங்களும் பெரிய உத்தமர் இல்லை."

கலியாணப் பேச்சில் இரு வீட்டாரும் முதல் முதலாக ஒத்துப்போனது அந்த இடத்தில்தான். கோட்டு மாடிப்படிக்குக் கீழே போனது. தட்டு அவரோடு சமையல் குசினிக்குள் போனது.

கவினின் அம்மா கமலா அக்கா நெற்றி நிறைய விபூதியோடு வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சோறு, பருப்பு, ஐந்து கறி, பப்படம். அபி என்னைப் பார்த்து, "அம்மா, பேக் எங்கை?" என்றாள்.

"ரயிலில கொட்டுப்பட்டிட்டுது பிள்ளை."

பரமு அண்ணை அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். கமலா அக்கா வடையைச் சூடாக்குவம் என்று எழும்பிப் போய் அவணைத் திறந்தா. உள்ளே என் தட்டு, துவாயோடு. வீட்டில் ஒளிக்க அந்த மனுசனுக்கு அவணைத் தவிர வேறு இடமே கிடைக்கவில்லை!

"இது ஆரின்ர தட்டு?" என்று தட்டோடு வந்து நின்றா. அபி முகம் வெளிறி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்ட பிறகு என்னால் இன்னொரு பொய் சொல்ல ஏலவில்லை.

"என்ர தான் அக்கா. மறந்துபோய் முட்டை அடிச்சு ஊத்திப்போட்டன். ரயிலில வரேக்கதான் ஞாபகம் வந்தது. பயத்தில பொய் சொல்லிப்போட்டன். பிள்ளையில பிழை இல்லை, என்னை வேணுமெண்டா ஏசுங்கோ."

கமலா அக்கா தட்டை மோந்து பார்த்தா. "முட்டை எண்டா இண்டைக்கு ஏலாது. நாளைக்குச் சாப்பிடுவம்" என்று குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து இருந்தா. பிறகு புருசனை ஒரு பார்வை பார்த்தபடி என்னிடம் சொன்னா. "நீங்கள் சொன்னதே பெரிய காரியம் தங்கச்சி. இஞ்ச ஒருத்தர் ஒரு கிழமையா என்ர கோட்டை லாண்டரியில தோய்க்கிறார்."

பரமு அண்ணைக்குச் சோறு புரையேறியது.

"கோயிலால வரேக்கை நானே சரிட்டிக் கடைக் கண்ணாடிக்குள்ள பாத்தனான். பன்னிரண்டு பவுண். என்ர கோட்டுக்கு நான் காசு குடுக்கிறதோ எண்டு விட்டிட்டு வந்தன். எத்தினை நாளைக்குத்தான் தோய்க்கிறார் எண்டு பாப்பம் எண்டிருந்தன்."

முதலில் சிரித்தது கவின். பிறகு அபி. பிறகு நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, கோட்டை நான் வாங்கியதையும் அது மாடிப்படிக்குக் கீழே கிடப்பதையும் சொல்லிவிட்டேன். வெளிக்கிடும்போது கமலா அக்கா மாடிப்படிக்குக் கீழே கையை விட்டுக் கோட்டை எடுத்து என் தோளில் போட்டா. "நீங்கள் காசு குடுத்து வாங்கினது. உங்களுக்குத்தான் வடிவாயிருக்கு. எனக்கு இவர் புதுசு எடுத்துத் தருவார், கடையில, முழு விலைக்கு."

போகிறவர்களுக்கு என் புத்திமதி: காலையில் குளிரும், பின்னேரம் வேர்க்கும், கழற்றிக் கையில் பிடிக்கக்கூடிய கோட்டாக எடுங்கள். வார இறுதியில் ரயில் ஓடுகிறதா என்று முதலே பாருங்கள். சரிட்டிக் கடைக்குள் போவதாக இருந்தால் வந்த வேலையை முடித்துவிட்டுப் போங்கள். முட்டை ஊற்றுமுன் கலண்டரைப் பாருங்கள். மறந்து ஊற்றிவிட்டால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், அவண் நல்ல ஒளிப்பிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கமலா அக்காவின் போன் வந்தது. நான் வெளிக்கிட்ட பிறகு யோசித்து மனசு மாறிவிட்டாவோ என்று எனக்குப் பயம்.

"தட்டு முடிஞ்சுது. நல்ல ருசி. ஆனா வெட்டேக்கை கொஞ்சம் பிரியுது" என்றா. "அடுத்த முறை மூண்டு முட்டை போடுங்கோ, சம்பந்தி."