பல் தெரியச் சிரிக்கச் சொன்ன பேங்க்

போன புதன்கிழமை பேங்க்கில் என்னைச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தால்தான் நகை என்றார்கள்.

நான் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிறவன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு அது தெரியும். சாஃப்ட்வேருக்குத் தெரியுமா?

மறுநாள் அரிமளத்தில் என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான் – பிள்ளையை மடியில் வைத்துச் செயின் போட வேண்டியவன். அந்தச் செயினோ, கடலை விதைப்புக்காக ஆலங்குடி பேங்க்கில் அடகில் கிடந்தது. காலையிலேயே பணத்தைக் கட்டிவிட்டேன். துணைக்குத் தங்கச்சி வீட்டுக்காரர் வந்திருந்தார். துணைக்கா, வேவு பார்க்கவா... அவருக்கே வெளிச்சம்.

முன்பெல்லாம் கையெழுத்துப் போட்டால் நகை கைக்கு வந்துவிடும். இப்போது எல்லாம் ஆட்டோமேட்டிக். முதலில் நம் முகத்தைப் பதிய வேண்டும். பிறகு அதே முகத்தை மறுபடி காட்டினால்தான் நகையை வெளியே எடுக்கவே கம்ப்யூட்டர் அனுமதிக்கும்.

கவுன்ட்டரில் இருந்த பெண் டேப்லெட்டை என் முன்னால் நீட்டினார்.

“நேரா பாருங்கண்ணே. கண்ணச் சிமிட்டுங்க. இப்பச் சிரிங்க.”

முன்பின் தெரியாத பெண்ணுக்கு நேரே கண் சிமிட்டுவதா? பின்னால் பாதி ஊர் நிற்கிறது. எப்படியோ சிமிட்டிவிட்டேன். ஆனால் எதிரே கண்ணாடி அறையில் மேனேஜர். அதிகாரி முன்னால் பல்லைக் காட்டினால் மரியாதையா? என்னை அறியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

டேப்லெட்டில் சிவப்பு.

“வாயப் பொத்துனா மெசினுக்கு எப்புடிண்ணே தெரியும்? துண்ட எடுங்க.”

எடுத்தேன். உதடு லேசாக நகர்ந்தது. மறுபடி சிவப்பு.

“பல்லு புடுங்க வந்தவரு மாதிரியில்ல இருக்காரு” என்றார் வரிசையில் ஒருவர்.

“எங்க கல்யாண போட்டோவுலயும் இப்புடித்தான் நிக்கிறீங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “சீர் செய்ய மனசில்லேன்னா வெளிப்படையாச் சொல்லிருங்க.”

அந்தப் பெண் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “சார், இன்னும் ஒரு தடவைதான். அதுவும் போச்சுன்னா லாக் ஆயிரும். நாளைக்குத்தான் வரணும்.”

நாளைக்கு வந்து என்ன செய்ய? வெறுங்கையோடு போய் மணையில் உட்காரும் தாய்மாமனை நினைத்துப் பார்த்தேன். வரவிருந்த கொஞ்சநஞ்சச் சிரிப்பும் போய்விட்டது.

மேனேஜர் எழுந்து வந்தார். அவர் சிரித்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

“ரொம்ப சிம்பிள்ங்க. இங்க பாருங்க... இப்புடி.”

என் தோளுக்கு மேலே தலையை நீட்டி, கண்ணைச் சிமிட்டி, ‘ஈ’ என்று பல்லைக் காட்டினார்.

டிங். பச்சை.

என் பெயர், என் ஊர், என் கணக்கு... நடுவில் பல்லெல்லாம் தெரிய மேனேஜர் முகம்.

“அழிச்சிரும்மா” என்றார் மெதுவாக.

“ஹெட் ஆபீஸ்லதான் சார் அழிக்க முடியும். ஒரு வாரம் ஆகும்.”

மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தார்.

“பதிஞ்சது பதிஞ்சிருச்சு சார். நகைய எடுக்கவும் நீங்களே ஒருக்காச் சிரிச்சு விட்ருங்களேன்.”

மேனேஜர் என் ஆதாரைப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார். வரிசையைப் பார்த்து, “இவர யாருக்காச்சும் தெரியுமா?” என்றார். வரிசை மொத்தமும் தலையை ஆட்டியது. ஹெட் ஆபீஸுக்கு மெயில் போட்டார். என்னிடம் தனியாக ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பிறகு டேப்லெட் முன் நின்று, எனக்காகச் சிரித்தார்.

செயின் வந்தது.

வேலையைச் சுருக்கத்தான் இந்த ஏற்பாடாம். நல்லதுதான். ஒரு கையெழுத்தில் முடிந்த காரியத்துக்கு இப்போது ஒரு மேனேஜர், ஒரு மாப்பிள்ளை, பாதி ஊர் சாட்சி – கடைசியில் அதே கையெழுத்து.

மறுநாள் மருமகளை மடியில் வைத்துச் செயினைப் போட்டேன். சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்றது. மாப்பிள்ளை சத்தமாகவே கேட்டார்:

“மேனேஜரக் கூட்டிக்கிட்டு வரலையா மச்சான்? கம்ப்யூட்டர் கணக்குப்படி அவருதான தாய்மாமன்?”