மாதனூரில் தைத்த மீட்டர் பை

புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. அடியில் பாறை இறுகிக் கிடந்தால் மயிரிழை கூடும். மண் தளர்ந்திருந்தால் மயிரிழை குறையும். அந்த மயிரிழையை அளக்கும் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் அலைவதுதான், நிலத்தடி நீர் தேடும் குழுவில் என் வேலை. மீட்டருக்குள் ஒரு ஸ்பிரிங். சாலை குலுக்கினால் கலங்கிவிடும். காலையில் அளந்த இடத்தையே மாலையில் அளந்தால் வேறு எண் காட்டும்.

குலுக்கல் தெரியாமல் இருக்க ஒரு பை தைக்கலாம் என்றார் எங்கள் குழுத் தலைவரான மேடம். மாதனூரில், ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் கேட்டேன். ஷூவுக்குள் வைக்கிற ஃபோமை அடுக்கடுக்காக வைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தைத்தார். "எம் புள்ளைக்கே இப்டி மெத்த போட்டதில்ல. உள்ள இன்னா சார், வைரமா?"

சோதனை நாள். ஆம்பூரிலிருந்து அணைக்கட்டு வரை போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, ஜிப்பைத் திறந்து, மீட்டரை எடுத்து, மட்டம் பார்த்து, அளந்து, மறுபடி பைக்குள். ஐந்தாவது இடத்தில் சலித்துவிட்டது. அடுத்தது பக்கம்தானே என்று மீட்டரை வெறுமனே சீட்டில் வைத்தேன். வேகத்தடையில் ஜீப் தூக்கிப்போட்டது. மீட்டர் சாய்ந்து கதவில் இடித்தது. சின்னச் சத்தம், டிரைவருக்குக்கூடக் கேட்கவில்லை.

மாலையில் புறப்பட்ட இடத்தையே மறுபடி அளந்தபோது, காலை எண்ணிலிருந்து எக்கச்சக்கமாக விலகியிருந்தது. "பை சரிப்படல, விடுங்க" என்றார் மேடம். தலையாட்டினேன். தலையாட்டுவது எவ்வளவு லேசான வேலை!

பையைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அக்கா தையலை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "எந்த எடத்துல சார் தப்பு?"

"தெரியலக்கா."

ஒரு வாரம் போனது. பிறகு ஒரு காலையில், கம்பெனி பஸ்ஸுக்கு அந்த அக்காவும் கூட வேலை பார்ப்பவர்களும் நிற்கும் இடத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப என் பை நல்லாத்தான் இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா."

"மிஷின்ல கை வெச்சாலே கூசுது சார் எனக்கு, இத்தன நாளா. உங்க மேடத்தாண்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சார் நம்மகிட்ட ஒத்திகை பாக்க வந்துருக்காருடீ" என்றாள் பக்கத்தில் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பஸ் வந்தது. படியில் ஏறித் திரும்பினார்.

"பை வூட்லதான் கெடக்குது. எம் பொண்ணுகிட்ட வாங்கினு நேரா அவங்ககிட்ட போங்க."

வாங்கிக்கொண்டு போனேன். மேடத்தின் அறைக்கதவு மூடியிருந்தது. தட்டுவதற்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.