அக்காவின் ஒட்டாத படலம்

சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மேஜை டிராயரில் மூன்று வருடங்களாக வசித்து வந்த செலோ டேப், இன்று காலை தீர்ந்துபோனது. இறுதி ஊர்வலம் மாநகராட்சிக் குப்பை வண்டி வரும்போது.

சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் இந்த வீட்டில் மாதம் ஒரு டேப் தீரும்.

சர்ர்ர்க்...

அந்தச் சத்தத்தோடு நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனையும் வரும். அலங்காரமெல்லாம் இல்லை, தகடு கழுவுகிற அசிட்டோன். பிஎச்.டி. முடிகிறவரை எங்கள் மாலதி அக்கா மேல் அந்த வாசனைதான்.

அவள் ஆராய்ச்சி ஃப்யூயல் செல். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று விட்டால் கரண்ட் வரும், கழிவாக வெறும் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலம், இங்கிலீஷில் ஃபிலிம், வேண்டும். அதை நகம் அளவுத் தகட்டின்மேல் படிய வைப்பதுதான் அக்காவின் வேலை. எனக்கு அப்போது பதினாறு வயது. 'ஃபிலிம் ஸ்டார்' என்றுதான் அவளைக் கூப்பிடுவேன்.

படலத்தைப் படிய வைக்கும் மெஷின் அவள் காலேஜில் இல்லை. மன்னார்புரம் தாண்டி வேறொரு லேபில், பதினைந்து நாளைக்கு ஒருமுறை காலையில் கிடைக்கும். அதனால் முந்தின நாளே பத்துத் தகடுகளைக் கழுவி, டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, விடிந்ததும் கொண்டு போவாள்.

படலம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அதன்மேல் செலோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று உரிக்க வேண்டும். தகட்டிலேயே நின்றால் பாஸ். டேப்போடு வந்தால் போச்சு. லேபிலேயே செய்து பார்க்கலாம்... அக்கா வீட்டுக்குக் கொண்டு வருவாள்.

"அங்க எல்லார் முன்னாடியும் உரிஞ்சு வந்தா அசிங்கமா இருக்குடா."

சாப்பாட்டு மேஜையில் சர்ர்ர்க். மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினாற்போல, டேப்பில் படலம் மொத்தமும் வந்திருக்கும்.

"என்னக்கா, படம் ஒரு ஷோகூட ஓடலையா?"

"வாய மூடுடா குரங்கு."

நாலு மாதம் இப்படியே போனது. ஒருநாள் அவளுடைய கைடு சொல்லிவிட்டார், இன்னும் ஒரே ஒரு முறைதான் என்று. ஏற்கெனவே நீட்டித்த அவகாசம் முடிகிறது. படலம் நிற்காவிட்டால் அந்த அத்தியாயம் இல்லை. அது இல்லாவிட்டால் தீசிஸே இல்லை.

அன்று இரண்டு பஸ் மாறி, காவிரிப் பாலத்து நெரிசலில் நின்று வந்தவள், தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"பம்ப்ப மாத்தியாச்சு, சூட்ட மாத்தியாச்சு, கேஸையும் மாத்தியாச்சு. முடியலடா சீனு. உறையூர்ல ஒரு ஸ்கூல்ல ஃபிசிக்ஸ் டீச்சர் கேக்கறாங்களாம். போயிடறேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா... இந்தத் தடவ டப்பாவ வீட்டுக்கே கொண்டு வராத. காலைல போய் அங்கயே கழுவு."

"ஏன்டா?"

"சும்மா... ஒரு ஐடியாதான்."

முதல் பஸ்ஸில் போனாள். சாயங்காலம் மேஜையில் சர்ர்ர்க். டேப் வெறுமனே வந்தது. அடுத்த தகடு, மறுபடியும் வெறும் டேப். பத்திலும் அப்படியே. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். அக்கா குதிக்கவில்லை, சிரிக்கவில்லை. மேஜையில் தலையை வைத்து அப்படியே தூங்கிப்போனாள்.

தீசிஸின் நன்றியுரையில் என் பெயர் இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பினேன். ஒரு லேபே கண்டுபிடிக்காததை ப்ளஸ் ஒன்னில் கண்டுபிடித்தவன்! உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை மனப்பாடம்.

இப்போது அக்கா பெங்களூரில். அவளுக்கென்று தனி மெஷினே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், "தூக்கமா வருதுடா" என்கிறாள். மேஜையில் அம்மா துணி மடிக்கிறாள். நான் காலேஜில் செகண்ட் இயர். ஒரே ரீடிங் மூன்று முறை தப்பினாலே ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறேன். அவள் நாலு மாதம் எப்படித் தாங்கினாளோ...

சரி. என் ஐடியா வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் வேலைக்குப் போகிறேன் என்ற அன்றைக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள். "விரல்ல இருக்கற எண்ணெய் பட்டாக்கூட ஒட்டாதுடா. ஆனா நான் கிளவுஸ் போட்டுத்தானே தொடறேன்."

அவள் போட்டுத்தான் தொட்டாள். ஒவ்வொரு முறையும் அவள் குளிக்கப் போன நேரத்தில் டப்பாவைத் திறந்து, பளபளவென்று இருந்த பத்துத் தகட்டிலும் கட்டைவிரலை அழுத்தி, ரேகையை ரசித்துவிட்டு, பனியனால் துடைத்து வைத்தவன் நான். சில நாள் பஜ்ஜி சாப்பிட்ட கை.

தயவுசெய்து யாரும் இதில் அவளை டேக் செய்யாதீர்கள். நானே சொல்லிவிடுகிறேன்... ஞாயிற்றுக்கிழமை, அவள் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு.