சொந்தக்காரர் இல்லாத தீவு

டிராவல் ஏஜென்ட்டுக்குக் கஸ்டமர் விமானம் ஏறுற வரைக்கும் வயித்துல புளி கரையும். ஏறிட்டா, திரும்பி வர்ற வரைக்கும் கரையும். பாபடோயிட்டோங்கிற வெளிநாட்டுப் புறநகர்ல மளிகைக் கடைக்குப் பக்கத்துல உட்கார்ந்து டிக்கெட் போட்ட காலத்துல எனக்கு அல்சர் வராதது அதிசயம். இதே தொழில்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சிவநேசன் அண்ணாவோட மால்டா பயணத்தை மட்டும் சொல்றேன்.

எங்கேயாவது ஒரு தீவு

அதே நகரத்துல இருக்கிற லின்ஃபீல்ட்லேர்ந்து வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். மூணு நாள் ஊர் சுத்திப் பார்க்கணும், பாரிஸ்ல இருக்கிற தம்பியும் வருவார்னார். அதுக்குப் பாரிஸுக்கே போகலாமேன்னேன். போன தடவை போனாராம். வேளைக்கு ஒரு சொந்தக்காரர் வீட்ல விருந்து, ஒரு வீட்டை விட்டாலும் மனஸ்தாபம், தம்பியோட தனியா உட்காரவே முடியலையாம்.

அவங்கம்மா இறக்கும்போது பக்கத்துல இருந்தது தம்பி மட்டும்தான். இவருக்கு அப்போ இங்கே விசா இழுபறி, போக முடியல. அம்மாவோட கடைசி நாளைப் பத்தித் தம்பி வாயால கேட்கணும், அதை ஃபோன்ல கேட்க மனசு வரலைன்னார். மேப்பை விரிச்சு சைப்ரஸைக் காட்டினேன். அங்கே மச்சான் ஒருத்தர் இருக்காராம்.

"பிள்ளை, எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லாத தீவாப் பாருங்கோ."

அர்ச்சனை

மால்டாவுக்கு டிக்கெட் போட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு அவருக்கு நான் சொன்னேன், எனக்கு அவர் சொன்னார். அடுத்த வாரம் கனடாவிலேர்ந்து ஒரு மாமி எனக்கு ஃபோன் பண்ணி, சிவநேசனுக்கு எந்த ஹோட்டல் போட்டிருக்கீங்கன்னு கேட்டாங்க. நான் வாயே திறக்கலையே! அவரைக் கூப்பிட்டேன். பயணம் நல்லபடியா நடக்கணும்னு வெள்ளிக்கிழமை கோயில்ல அர்ச்சனை பண்ணியிருக்கார். பேர், நட்சத்திரத்தோட எங்கே, எதுக்குப் போறார்ங்கிறதையும் ஐயர் காதுல ரகசியமாச் சொல்லியிருக்கார். ஐயர் அத்தனையையும் சங்கல்பத்துல சேர்த்துட்டார்.

"ஐயற்றை கழுத்திலை மைக் கிடந்ததை நான் கவனிக்கேல்லை, பிள்ளை."

விமானத்தைத் தள்ளிட்டாங்க

கனடா மாமி, லண்டன் சித்தப்பா, நார்வே குடும்பம்னு எல்லாரும் எப்படியோ மோப்பம் பிடிச்சு அதே ஹோட்டல்ல ரூம் போட்டுட்டாங்க. பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க? அண்ணா திரும்பி வர்ற காலை விமானத்தை ராத்திரிக்குத் தள்ளிட்டதா ஏர்லைன்லேர்ந்து மெயில் வந்துச்சு. மாத்த முட்டி மோதிப் பார்த்தேன், வேற சீட்டே இல்லை. பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

"பகல் முழுக்க அந்த ஏர்போர்ட்டிலை குந்தியிருந்து நான் என்ன செய்யிறது?"

திரும்பி வந்தார்

பணத்தைத் திருப்பிக் கேட்பாரோன்னு நினைச்சுக்கிட்டேதான் எழுந்து நின்னேன். அவர் ஃபோனை எடுத்துப் படங்களைக் காட்டினார். படகு, கோட்டை, தேவாலயம்னு ஒவ்வொரு படத்திலயும் கல்யாண வீடு மாதிரி கூட்டம். தம்பி எங்கேயோ ஓரத்துல நிக்கிறார். கடைசி நாள் காலையில சொந்தமெல்லாம் கிளம்பிடுச்சாம். அண்ணனைத் தனியா விட மனசில்லாம, தம்பி தன்னோட விமானத்தை விட்டுட்டு ஏர்போர்ட்லயே கூட உட்கார்ந்திருக்கார். இதைச் சொல்லிட்டு அண்ணா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"நீங்கள் போட்ட அந்த விசர் டிக்கெட்டாலைதான் பிள்ளை, நாங்கள் ரெண்டு பேரும் அம்மாவைப் பற்றிக் கதைச்சு அழுதனாங்கள்."

எங்க தொழில்ல எது சேவை, எது கோளாறுங்கிறது பயணி வீடு திரும்பினப்புறம்தான் தெரியும். அதுவரைக்கும் வயித்துல புளிதான்.